டயருக்கு வயது கேட்காமல் இருப்பது எப்படி?

வடசென்னைக் கல்மண்டபத்திலிருந்து டயர் வாங்கக் கிளம்புகிறவர் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. கண் தெரிந்தால் டயரில் இருப்பதைப் படிக்கத் தோன்றும். படித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் கடைக்காரர் முகம் வாடும். எதற்கு வம்பு?

இருப்பதிலேயே பளபளப்பானதைக் கைகாட்டுங்கள். பாலிஷ் அடித்தால் பத்து வயது டயரும் நேற்றுப் பிறந்ததாக மின்னும். பக்கவாட்டு நுண்வெடிப்பெல்லாம் ஒளிந்துகொள்ளும். செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் விசேஷம். மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பட்டன், அதாவது வரிப்பள்ளம், வெட்டித் தருகிற கலைஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளம், உள்ளே இருக்கும் கம்பியைக் காக்க விட்டுவைத்த ரப்பரைத் தோண்டி எடுத்தது. அதை நினைக்காதீர்கள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி பின்னால் வரும்போது மனசு பதறும்.

புது டயர்தானா? சந்தேகமே வேண்டாம். 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி, 1960களில் டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். பக்கத்துத் திருவொற்றியூர்தானே, சுடச்சுட வந்திருக்கும் என்று நம்பிவிடுங்கள். தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவில் கிடங்கு என்று ஒன்று இருப்பது உங்களுக்கு எதற்கு?

இத்தனை சொல்லியும் வயது தெரிந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால், சரி. டயர் தன் ஜாதகத்தை உடம்பிலேயே சுமக்கிறது. ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்தான் அது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன். முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கம் போய்விட்டால் காருக்கு அடியில் படுக்கவேண்டியதுதான். ஆகவே மாட்டும் முன்பே பாருங்கள். மூன்று எண்தான் இருக்கிறதா? அது 2000க்கு முந்தைய சரக்கு. காசிமேட்டு விசைப்படகின் விலாவில் கட்டினால் இன்னும் பல காலம் உழைக்கும்.

“வண்டி ஓடவேயில்லை, பட்டன் அப்படியே இருக்கு” என்பார்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் அதை இறுக்கி வெடிக்கவைக்கும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கவேண்டும், பத்து வருடமானால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றவேண்டும் என்கிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள். டிக்கியில் கார் வாங்கிய நாளிலிருந்து தூங்குகிற ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

வாங்கும்போது அந்த நான்கு எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில், கொடுத்த டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.