வாடகைக்குள் இருக்கும் ஸ்கூல் ஃபீஸ்

ஹாரோ, லண்டன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே நான், இவர், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் பெரியம்மாவின் முழங்கால் வலிக்கும் தனித்தனியாகப் பதில் எழுதவும்.

தம்பி குடும்பத்தோடு லண்டனுக்கு மாற்றலாகி வரப்போகிறான் என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் துள்ளிக் குதித்தேன். "நல்ல ஸ்கூலாகப் பார்த்து, அதற்குப் பக்கத்திலேயே காற்றோட்டமாக ஒரு வீடும் பார்த்து வை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமான பதில். காற்றோட்டத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். இங்கே ஜன்னலை மூடினாலும் காற்று வரும்.

முதலில் ஒரு அவசர சமாச்சாரம். என் மகன் நேரு படித்த ஸ்கூலில் படிக்கிறான் என்று மகாராஜ நகர் முழுக்க நீங்கள் சொல்லிவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்துங்கள். நேரு 1905-இல் வந்து சேர்ந்தது ஹாரோ ஸ்கூல். 1572-இல் தொடங்கியது, குன்றின் மேல் இருக்கிறது. நாங்கள் குன்றுக்குக் கீழே. அங்கே ஆண்டுக்கு ஃபீஸ் 50,000 பவுண்டுக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து தனியார் ஸ்கூல் ஃபீஸுக்கு 20 சதவீதம் வரி வேறு. அந்த ஸ்கூலுக்கும் எங்களுக்கும் இருக்கும் ஒரே உறவு, அந்தப் பையன்கள் வைக்கோல் தொப்பியோடு ரோட்டைக் கடக்கும்போது இவர் காரை நிறுத்தி வழிவிடுவதுதான். உங்கள் பேரன் படிப்பது அரசாங்கப் பணத்தில் நடக்கும் சாதாரண ஸ்கூலில். ஃபீஸ் கிடையாது.

ஃபீஸ் கிடையாது என்றதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்த ஃபீஸை வீட்டு ஓனர் வாங்கிக்கொள்கிறார். எப்படி என்று சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் வீடு வேறு, ஸ்கூல் வேறு. கேடிசி நகரில் குடியிருந்துகொண்டு எந்த ஸ்கூலில் வேண்டுமானாலும் பிள்ளையைச் சேர்க்கலாம். காலை ஏழு மணிக்கு வேன் வரும், பாதி இட்லியோடு பிள்ளை ஏறிப் போகும். இங்கே அந்தக் கதை நடக்காது. பெயர்பெற்ற அரசு ஸ்கூல் என்றால் இடத்தைவிட விண்ணப்பம் பல மடங்கு வரும். சின்ன வகுப்புகளில் ஒரு வகுப்புக்கு 30 பிள்ளைக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 1998-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். யாருக்கு இடம் என்பதற்கு வரிசை உண்டு. அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் முதலில். தனித் தேவை உள்ள பிள்ளையின் சட்டப்படியான திட்டத்தில் அந்த ஸ்கூல் பெயர் இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் இடம் உறுதி. பிறகு பெரும்பாலும், ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள். மிச்ச இடமெல்லாம் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் உள்ள தூரத்தை வைத்து. கிட்டே இருப்பவனுக்கு இடம், எட்டே இருப்பவனுக்கு டாட்டா. கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்று வருஷா வருஷம் வெளியிடுகிறார்கள். சில ஸ்கூல்களில் அது அரைக் கிலோமீட்டரைக்கூடத் தொடுவதில்லை.

அதனால் இங்கே வீடு தேடுகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். நல்ல ஸ்கூலைச் சுற்றியுள்ள நாலு தெருவில் வாடகை ஒரு விலை. அதே அளவு, அதே செங்கல், அதே ஒழுகும் கூரை உள்ள வீடு ஐந்தாவது தெருவில் வேறு விலை. இப்போது நாங்கள் இருக்கும் வீட்டை ஏஜென்ட் பையன் காட்டும்போது ஹீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டேன். "மேடம், ஸ்கூல் 300 மீட்டர்" என்றான். குளியலறை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்றேன். அதற்கும் "ஸ்கூல் 300 மீட்டர்" என்றான். மாடியில் அலமாரி என்று நான் நினைத்துத் திறந்தது மூன்றாவது படுக்கையறையாம்.

இந்தத் தூரத்தைப் பெரும்பாலான உள்ளூர் கவுன்சில்கள் கம்ப்யூட்டரில் நேர்கோடு போட்டு அளக்கின்றன. நடக்கிற தூரம் இல்லை. எங்கள் வீட்டுக்கும் பிள்ளைகளின் ஸ்கூலுக்கும் நடுவில் ரயில் பாதை. கோட்டில் பார்த்தால் ஸ்கூல் கூப்பிடு தூரம், மதியம் பிள்ளைகள் விளையாடும் சத்தம் அடுப்படியில் கேட்கும். நடந்தால் பாலத்தைச் சுற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். கோட்டுக்குக் கிடைத்த இடம் அது. மழையில் குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓடுவது மட்டும் என் காலுக்கு.

இதில் தில்லுமுல்லு செய்யலாமா என்று தம்பி கேட்பான். அவன் புத்தி எனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்து ரேஷன் கார்டு வாங்குகிற வேலையெல்லாம் இங்கே எடுபடாது. கவுன்சில் வரி ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் தோண்டித் துருவுவார்கள், கொடுத்த இடத்தைத் திரும்பப் பிடுங்குவார்கள். 2008-இல் டோர்செட் பக்கம் ஒரு கடலோர ஊரில், ஒரு குடும்பம் சொன்ன முகவரியில்தான் குடியிருக்கிறதா என்று பார்க்கக் கவுன்சில் ஆள் போட்டு வாரக்கணக்கில் வேவு பார்த்தது. நாட்டைக் காக்க வந்த கண்காணிப்புச் சட்டத்தை எல்.கே.ஜி. சீட்டுக்குப் பயன்படுத்தினார்கள்! அந்தக் குடும்பம் சொன்னது நிஜம்தான். வேவு பார்த்தது தப்பு என்று 2010-இல் தீர்ப்பாயம் சொன்னது.

அடுத்தது ஆஃப்ஸ்டெட், ஸ்கூல்களை ஆய்வு செய்கிறவர்கள். உங்கள் காலத்து டி.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம் இருக்கிறதா? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்காரவைப்பீர்களே, அதேதான். இங்கே 1992-இல் ஏற்பட்ட அமைப்பு. ரொம்ப வருஷமாக ஒரு ஸ்கூலுக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார்கள்: மிகச்சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், போதாது. அந்த ஒரு வார்த்தையை வைத்து வாடகை ஏறும், இறங்கும். ஒரு தலைமையாசிரியை தன் ஸ்கூலுக்குக் கடைசித் தரம்தான் என்று தெரிந்த பிறகு 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. 2024 செப்டம்பரில் ஒற்றை வார்த்தைத் தீர்ப்பையே எடுத்துவிட்டார்கள். 31 வருஷம் ஸ்கூல் நடத்திய உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையைவிட நான் நம்புவது நேரில் போய்ப் பார்ப்பதைத்தான். ஸ்கூலைச் சுற்றிக் காட்ட ஒரு நாள் வைப்பார்கள். பெண் பார்க்கப் போவது போல நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு பெற்றோர் வருவார்கள். யார் பெண், யார் மாப்பிள்ளை என்பதுதான் தெரியாது. நாங்கள் போன ஸ்கூலில் தலைமையாசிரியர் விழுமியங்கள் என்று அரை மணி நேரம் பேசினார். பிறகு பத்து வயசு வாண்டுகள் இரண்டிரண்டு பேராக எங்களைக் கூட்டிப்போனார்கள். எங்களுக்கு வாய்த்தவள் முன்பல் விழுந்த ஒரு சுட்டி. "இது நூலகம், இதுதான் ஸ்கூலிலேயே கதகதப்பான அறை. அந்தக் கழிப்பறைக்குப் போகாதீர்கள், நாறும். அந்த டீச்சர் கத்துவார், ஆனால் நல்லவர்" என்று வரிசையாகப் போட்டு உடைத்தாள். இவர் லேப்டாப்பில் கலர் கலராக ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தார். அது மொத்தமும் அந்தப் பிள்ளை சொன்ன மூன்று வாக்கியத்துக்கு ஈடாகாது.

இனி எந்தப் பேட்டை என்ற கேள்வி. லண்டன் என்று நாம் சொல்வது 33 தனித்தனி நிர்வாகம். ஒரு கவுன்சிலில் குடியிருந்து அடுத்த கவுன்சில் ஸ்கூலுக்கும் விண்ணப்பிக்கலாம். எல்லையைக் காட்டி மட்டும் தள்ளிவைக்க முடியாது என்று 1989-லேயே தீர்ப்பு இருக்கிறது. அதனால் எல்லையைப் பார்க்காமல் ஸ்டேஷனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தம்பி பெண்டாட்டிக்கு ஊர் ஏக்கம் வரும் என்றால் ஈஸ்ட் ஹாம். வாழையிலை, முருங்கைக்காய், இட்லி மாவு, நகைக்கடை, மகாலட்சுமி கோவில் எல்லாம் நடக்கிற தூரத்தில். ஆறு மாசம் இங்கிலீஷே பேசாமல் காலம் தள்ளலாம். அது வசதியா ஆபத்தா என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும். தெற்கே டூட்டிங், முத்துமாரியம்மன் இருக்கிறாள், நல்ல தோசையும் இருக்கிறது, வாடகைதான் கடிக்கும். எங்கள் பக்கம் சவுத் ஹாரோவில் நார்த்தோல்ட் ரோடு முழுக்க இலங்கைத் தமிழர் கடைகள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியையும் அவர்கள்தான் கட்டிக் காக்கிறார்கள். உங்கள் பேத்தி போனில் எதற்கெடுத்தாலும் "ஓம்" என்று சொன்னால் பக்தி முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து டீச்சர் அப்படித்தான் "ஆமாம்" சொல்வார்.

நம் ஆட்களில் ஒரு கூட்டம் சட்டன், கிங்ஸ்டன், பார்னெட் என்று ஓடுகிறது. அங்கெல்லாம் கிராமர் ஸ்கூல். ஃபீஸ் இல்லை, ஆனால் பதினொரு வயசில் சேர நுழைவுத் தேர்வு. கிங்ஸ்டனில் டிஃபின் என்ற பெயரிலேயே ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெரியம்மா டிபன் பாக்ஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் பீர் காய்ச்சிச் சம்பாதித்த அண்ணன் தம்பி இருவர் படிப்புக்கென்று எழுதிவைத்த பணத்தில் வந்த பெயர் அது. இந்தத் தேர்வுக்கு எட்டு வயசிலேயே ட்யூஷன் ஆரம்பமாகிவிடுகிறது. கோவில் பிராகாரத்தில் நின்றுகொண்டு தாய்மார்கள் பேசுவது சாமியைப் பற்றி அல்ல, எந்த ட்யூஷன் மாஸ்டரிடம் இடம் காலி என்பதைப் பற்றி. ஊரில் நீட் பைத்தியம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறி வந்தவர்கள்தான் இவர்களும்.

சர்ச் ஸ்கூல் இன்னொரு தினுசு. நல்ல பெயர் உள்ளவற்றில் சேர, ஞாயிறு தோறும் பூசைக்கு வருகிறார்கள் என்று பாதிரியார் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைக்கு மூன்று வயசானதும் திடீரென்று விசுவாசம் பெருகி முன் வரிசையில் உட்காரும் வெள்ளைக்காரர்கள் இங்கே உண்டு. சாரா டக்கர் ஸ்கூலில் திருநீறு பூசிக்கொண்டு போய் பைபிள் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கிய எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வயசு விஷயத்தில் உங்கள் வித்தை எதுவும் பலிக்காது. பிள்ளையின் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, ஜூன் மாசம் பிறந்ததாக எழுதிச் சேர்த்துக்கொள்வீர்களே! இங்கே ஆகஸ்ட் 31 தான் கோடு. அன்றைக்குள் நாலு வயசு முடிந்த பிள்ளைக்கு அந்தச் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு. மறுநாள் பிறந்தது என்றால் முழுசாக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதல் தர ஸ்கூலுக்காக அலமாரியில் படுப்பதைவிட, இரண்டாம் தர ஸ்கூலுக்குப் பிள்ளை நடந்து போய்விட்டு வருவது மேல். மாச வாடகையில் மிஞ்சுவதை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை, லேப்டாப்பில் இன்னொரு அட்டவணை தயாராகிறது.

தம்பியிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அவன் மூத்தவளுக்குப் பத்து வயசு நடக்கிறது. இங்கே பதினொன்றில் பெரிய ஸ்கூலுக்கு மாற வேண்டும். அதற்கு விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் 31. ரிசப்ஷனில் சேர வேண்டிய சின்னவனுக்கு ஜனவரி 15. லண்டனில் ஆறு ஸ்கூல் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். எது முதலாவது என்று எழுதினோம் என்பது ஸ்கூல்களுக்குத் தெரியாது. ஆகையால் கணக்குப் போடாமல், நிஜமாகவே பிடித்ததை முதலில் எழுதட்டும். மூத்தவளுக்கு முடிவு மார்ச் 1 சாயங்காலம் வரும், சின்னவனுக்கு ஏப்ரல் 16. வருஷத்தின் நடுவில் வந்து இறங்கினால் கவுன்சில் மூலம் எங்கே காலி இருக்கிறதோ அங்கே சேர்த்துவிட்டு, பிடித்த ஸ்கூலில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டு வைக்கலாம். சாதாரண வாடகை வீட்டுக்கு முன்பணமாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019 முதல் சட்டம். அதற்கு மேல் யாராவது கேட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை இரண்டையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்தால் செப்டம்பருக்குள் வந்துவிடட்டும். வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் தங்கலாம், அந்த மூன்றாவது படுக்கையறையைக் காலி செய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்