குழாயைத் திறந்து வையுங்கள்

கேள்வி: கனடாவில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம். பனிக்காலத்துக்கு முன் வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியது என்ன?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஜலம் என்கிற பரம சாதுவான வஸ்து, தாங்கள் குடியேறியிருக்கும் பிரதேசத்தில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கி உறைந்த மாத்திரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு பருத்து, செம்புக் குழாயையும் பிளக்கும் அசுர ஸ்வரூபம் கொண்டுவிடுகிறது. ஆகையால் முதல் உபசாரம் தோட்டத்துக் குழாய்க்கே: நிலவறையில் அதற்கென்று இருக்கும் வால்வை மூடி, வெளியே வந்து ரப்பர் குழாயைக் கழற்றி, குழாயைத் திறந்து, கடைசிச் சொட்டு மூக்கு நுனியில் தொங்கி, சற்று யோசித்து, விழுகிறவரை காத்திருந்து, பிறகு திறந்தபடியே விட்டுவிட வேண்டும். (திறந்த குழாயைக் கண்டால் மூடாமல் நகரமாட்டாத தாயார் வீட்டில் இருந்தால், அவரிடம் முன்கூட்டியே விக்ஞாபித்துக்கொள்ளவும்.) ரப்பர் குழாயை மாட்டியபடியே மறந்த கிருஹஸ்தர்கள், வசந்தத்தில் குழாயைத் திருகும்போது தோட்டம் நனையாமல் நிலவறைச் சுவர் நனையும் அதிசயத்தைத் தரிசிக்கிறார்கள்.

அடுத்தது, யாழ்ப்பாணத்தார் பீலி என்று அழைக்கும் கூரை விளிம்புக் கால்வாய். 1965 முதல் தேசக் கொடியில் வீற்றிருக்கும் மேப்பிள் இலை, அந்தப் பீலியில் வந்து படுத்தால், உருகிய பனிநீருக்குப் போக்கிடம் இல்லாமல் அங்கேயே மறுபடி உறையும். எனவே மரம் முற்றும் உதிர்த்த பின், கொடியின் கௌரவம் பாராமல் அள்ளிவிடுங்கள். ஏணியைப் பிடிக்க மைத்துனரை அழைக்கலாம், அவரிடம் வாங்கிய கடன் பாக்கி ஏதும் இல்லையென்றால்.