பொடி கரைக்கிற தம்பிக்கு

ஏங் கண்ணு, மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்குது? பொடியில தண்ணி உட்டதும் நொரை வந்துருச்சா? நொரை வந்தா மருந்து செத்துப்போகுமாங்கறயா? தண்ணியைப் புட்டி ஓரமா உடோணுமா, நேரா நடுவுல உடோணுமா? குலுக்கோணுமா, உருட்டோணுமா? ஊசிக்குள்ள துளியூண்டு காத்துக்குமிழி நிக்குது, அது நெஞ்சுக்குப் போயி அடைச்சுப்போடுமா?

அடேங்கப்பா! பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ இத்தனை கேள்வி கேக்கல.

சரி, வா, உக்காரு. சக்கரைக்கு நான் இன்சுலின் போட்டுட்டு இருக்கறவன். நம்ம மைசூரு குவெம்புநகர் வீதியில ஊசின்னா எல்லாரும் இந்தத் தாளவாடிக் கெழவனைத்தான தேடி வர்றீங்க. தோலுக்கடியில போடற ஊசியில துளி குமிழி இருந்தா உசுரு போவாது, மருந்து அளவுதான் அந்தளவுக்குக் கொறையும். நொரையைச் சித்த நேரம் உட்டு வச்சா தானா அடங்கும். குலுக்கறதுக்கு மெதுவா உருட்டறது தேவலை. ஆச்சா? உன்ற பயமெல்லாம் தீந்துச்சா? இனி என்ற பயத்தைக் கேளு.

அந்தப் புட்டிக்குள்ள இருக்கறது என்னது?

முழிக்காத சாமி. பூசணிக்கா போன எடம் தெரியாதாம், கடுகு போன எடத்தை ஆராயறானாம்னு என்ற ஆத்தா சொல்லும். நீ கடுகைத்தான் தேடிட்டு இருக்கற.

கொண்டா, ஒட்டியிருக்கற சீட்டைப் படிக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'பிபிசி-157'. ஆரு செஞ்சாங்கன்னு காணோம். எந்த ஊருன்னு காணோம். மருந்து லைசென்ஸ் நம்பரும் இல்ல. கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்குது பாரு: 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனுசங்களுக்கு அல்ல.' அப்ப நீ ஆரு கண்ணு? வித்தவனே உனக்கில்லைன்னு எழுதிக் கையைக் கழுவிட்டான். வாங்குன நீ குமிழியை எண்ணிட்டு உக்காந்திருக்கற.

இந்தச் சரக்கோட கதை எனக்குங் கொஞ்சம் தெரியும். அமினோ அமிலம் பதினஞ்சைக் கோத்த சங்கிலி. குரோஷியாவுல ஜாக்ரெப்னு ஒரு ஊரு, அங்கத்த ஆளுங்கதான் நெம்ப வருசமா இதைப் பத்தி எழுதறாங்க. சோதிச்சதெல்லாம் பெரும்பாலும் எலிகிட்ட. மனுசங்களை வச்சுப் பெருசா எந்தச் சோதனையும் நடக்கல. நம்ம நாட்டுல இது அனுமதி வாங்குன மருந்துமில்ல. 2022-லிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்புக்காரங்க வெளையாட்டுக்காரங்க இதைத் தொடப்படாதுன்னு வச்சுட்டாங்க. எலிக்குக் காலு நல்லாயிருச்சாமா, சந்தோசம். எலி உன்னாட்டம் சாமுண்டி மலைப் படியில வீடியோ எடுக்கறதுக்காகக் குதிச்சு முட்டியைக் கெடுத்துக்கிச்சா?

வெள்ளையா இருக்குது, பொடியா இருக்குது, புட்டி சீலோட இருக்குதுன்னு நம்பிடறயா? 2021 ஏப்ரல் மறந்து போச்சா? நாடே கொரோனாவுக்கு ரெம்டெசிவிர், ரெம்டெசிவிர்னு அலைஞ்சப்ப, நம்ம மைசூருலயே ஒரு நர்ஸைப் போலீசு புடிச்சுது. ஆம்பளை நர்ஸு. காலிப் புட்டியைப் பொறுக்கி, ஆன்டிபயாடிக்கையும் சலைனையும் ரொப்பி, ரெம்டெசிவிர்னு வித்ததாக் கேசு. அதாவது, நெசமான கம்பெனிச் சீட்டு ஒட்டுன புட்டி. அதுக்கே அந்தக் கதி. உன்ற புட்டியில சீட்டுல பேரே இல்ல.

முன்னயெல்லாம் சந்தையோரம் கூடாரம் போட்டு சிட்டுக்குருவி லேகியம் விப்பான். அவனும் புளுகுவான். ஆனா பலிக்கலீன்னா அடுத்த சந்தைக்குப் போயி அவன் சட்டையைப் புடிக்கலாம். உன்ற யாவாரிக்குச் சட்டை இருக்குதா, ஆளே இருக்கறானான்னு சொல்லு பாக்கலாம்.

பொடியே ஆவாதுன்னு நான் சொல்ல வல்ல. தாளவாடியில மஞ்சக்காட்டு வேலையில இருந்த ஒருத்தனைக் கண்ணாடிவிரியன் புடுங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். விசமுறிவு மருந்தும் பொடிதான. நர்சம்மா புட்டிக்குப் பத்து மில்லி தண்ணி உட்டு, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டுச்சு. ஒண்ணு கரைஞ்சதும் அடுத்தது. ஆனா அதுக்கு மின்ன என்ன பண்ணுச்சுங்கற? வெளிச்சத்துல புடிச்சுத் தேதியைப் பாத்துச்சு. பேட்ச் நம்பரைச் சீட்டுல எழுதுச்சு. மருந்து ஒத்துக்காம ஒடம்பு பொங்கிப் போச்சுன்னா குடுக்கறதுக்கு அட்ரினலினை ஊசியில ஏத்தித் தட்டுல வச்சுச்சு. டாக்டர் பக்கத்துலயே நின்னாரு. உருட்டுன வேலை நாலு நிமிசம். மத்ததெல்லாந்தான் வைத்தியம்.

அந்த மருந்துக்கு வம்சாவளியே சொல்லலாம் கண்ணு. சென்னைக்குப் பக்கம் வடநெம்மேலியில இருளருங்க 1978-ல ஆரம்பிச்ச பாம்பு புடிக்கிற கூட்டுறவுச் சங்கம் இருக்குது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுங்கிட்டயும் விசம் எடுத்து மருந்துக் கம்பெனிக்குக் குடுக்கறாங்க. அதைக் குதிரைக்குத் துளித்துளியா ஏத்தி, அதோட ரத்தத்துல இருந்து மருந்து எடுக்கறாங்க. பாம்பு விசத்துக்கே ஊரு, பேரு, வருசம் இருக்குது. உன்ற மருந்துக்கு?

இப்ப ஊசியைக் காட்டு. ஓ, செவப்பு மூடி. நெனச்சேன். இது நம்மூரு நாப்பது யூனிட் ஊசி, ஒரு மில்லிக்கு நாப்பது கோடு. என்ற இன்சுலினுக்கு இதுதான். நீ போன்ல வச்சிருக்கற கணக்கு அமெரிக்காக்காரன் எழுதுனது. அவனுக்கு நூறு யூனிட் ஊசி, ஆரஞ்சு மூடி. 'பத்துக் கோடு எடு'ன்னு அவன் சொன்னா அது 0.1 மில்லி. நீ இதுல பத்துக் கோடு எடுத்தா 0.25 மில்லி. ரெண்டரை மடங்கு சாமி! குமிழிக்குப் பயந்த மகராசனே, மூடிக் கலரைப் பாத்தயா?

தண்ணிச் சமாச்சாரம் இன்னொண்ணு. பாக்டீரியோஸ்டாடிக் தண்ணின்னா அதுல 0.9 சதம் பென்சைல் ஆல்கஹால் இருக்கும். ஊசி குத்தித் தெறந்தா 28 நாளுதான் கெடு. வெறும் ஸ்டெரைல் வாட்டர்ல அது கெடையாது, ஒரு தடவைக்குத்தான். உன்ற சினேகிதன் ஆர்ஓ தண்ணியே போதும்ங்கறானாமா? காவேரித் தண்ணி குடிக்கறதுக்குக் கண்ணு, குத்திக்கறதுக்கில்ல. தெளிவாத் தெரியுதுன்னா சுத்தம்னு அர்த்தமில்ல. கிருமி செத்தாக்கூட அது உட்டுட்டுப் போற நஞ்சு உள்ள போனா, குளிரும் காச்சலும் தூக்கிப் போடும்.

இந்த எடத்துல நான் கேலி பண்ண மாட்டேன். 2022 சனவரியில பெளகாவி சில்லா ராமதுர்க் தாலூக்காவுல தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்ட மூணு பச்சைக் கொழந்தைங்க செத்துப் போச்சு. அதுவும் பொடியைக் கரைச்சுப் போடற ஊசிதான். கரைச்சா நாலு மணி நேரத்துக்குள்ள போட்டாவோணும், மிச்சத்தைத் தூக்கிப் போட்டறோணும். புட்டியை ஒரு ஓட்டல் பிரிட்ஜில வச்சிருந்தாங்கன்னு அப்ப விசாரிச்ச அதிகாரிங்க சொன்னாங்க. சர்க்காரு மருந்து, படிச்ச கை, அப்புடி இருந்தும் நடந்துச்சு. நீ தோசை மாவுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவுல மாசக்கணக்குல வெக்கறேங்கற.

ஒருவேளை உனக்கு எடை கொறையறதுக்குத்தான் ஊசி வேணுமா? அதுக்கு நேரான வழி இருக்குதே. மவுஞ்சாரோங்கற ஊசி 2025 மார்ச்சுல நம்ம நாட்டுக்கு வந்துருச்சு. கரைச்சே வருது. டாக்டர் சீட்டு வேணும், மருந்துக்கடையில பில்லு குடுப்பான். அதுக்கு நெம்பத் துட்டு போவுதேன்னு அழுவறயா? இந்தப் பொடிக்கு நீ குடுத்த துட்டு எந்தக் கணக்குல சேரும்?

முட்டி நோவுன்னாச் சேதி வேற. தசரா குஸ்திக்குக் கரடிமனைங்கற குஸ்திக் கூடத்துச் செம்மண்ணுல பொரள்ற பைலுவான் எவனையாவது கேளு. முட்டி வீங்குனா குஸ்தியை நிறுத்திட்டு உக்காருவான். உனக்கு உக்கார நேரமில்ல, படியேறி வீடியோ போடோணும்.

சரி, எந்திரி. பொடி, தண்ணி, செவப்பு மூடி ஊசி மூணையும் பையில போடு. ஒண்ணுங் கரைக்காத, ஒண்ணுங் குத்தாத. கே.ஆர். ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர் இருப்பாரு, வெடியால நேரத்துல போயி வரிசையில நில்லு. எல்லாத்தையும் அவரு மேசை மேல பரப்பி வையி. "நொரை வந்துருச்சுங்க டாக்டர்"னு மொதல்ல அதையே சொல்லு. அவரு என்ன பேசறாருன்னு ஒரு வார்த்தை உடாமக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு. பொழுதோட திண்ணையிலதான் இருப்பேன்.