புல்லட்காரர்

புல்லட்காரருக்கு வயதாகிவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய வலது முழங்கால். இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர் மருமகள். வண்டி செய்கிற கம்பெனிக்கு இருபது வருஷத்துக்கு முன்பே தெரியும். இன்னும் தெரியாதவர் ஒருவர்தான். அவர் வாசலில் நின்று டேங்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகவோ, தாலுகா ஆபீஸில் ஆர்.ஐ.யாகவோ, கூட்டுறவு வங்கியில் செயலாளராகவோ இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. தெருவுக்கு அவர் புல்லட் மாமா, டீக்கடைக்குப் புல்லட் சார். மெக்கானிக் பாய்க்கு மட்டும் அண்ணன். அவர் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. எந்த வீட்டு வாசலில் எண்ணெய்த் திட்டு கறுப்பாகப் படிந்திருக்கிறதோ, அதுதான் வீடு. மருமகள் அந்தத் திட்டுக்கு இடம் விட்டுத்தான் கோலத்துக்குப் புள்ளி வைக்கிறாள். கேட்டால் மாமாவிடம் பதில் தயார்: "எண்ணெய் ஒழுகுதுன்னா உள்ளே எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்மா. ஒழுகறது நின்னாத்தான் கவலைப்படணும்."

வண்டி எண்பத்தி நாலாம் வருஷ மாடல். 346 சிசி. காஸ்ட் அயர்ன் எஞ்சின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உலகம் முழுக்க இதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பதை அவர் உலகத்தின் கோளாறாகவே கருதுகிறார். அக்கா மகன் ஆசைப்பட்டு, "மாமா, ஒரு ரவுண்டு குடுங்க" என்றால் சாவி வராது, கேள்வி வரும்.

"ஃபர்ஸ்ட் கியர் மேலயா, கீழயா?"

"கீழ."

"மேல. செகண்டு?"

"அப்ப அதுவும் மேல."

"கீழ. போய்ப் பஸ்ஸுல போ."

இந்தப் பரீட்சையில் இதுவரை யாரும் தேறியதில்லை. தேறிவிடக்கூடிய பையன் யாராவது வந்தால், நியூட்ரல் ஃபைண்டரைக் குதிகாலால் எப்போது அழுத்த வேண்டும் என்று ஒரு கூடுதல் வினா கையிருப்பில் உண்டு.

வண்டியைக் கிளப்புவது தெருவே பார்க்கும் நிகழ்ச்சி. பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டு, ஆம்மீட்டரைக் குனிந்து பார்ப்பார். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் முள் ஓர் இடத்தில் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடது கையால் டிகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்குவார். பிறகு கையை எடுத்துவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் மொத்த எடையையும் வலது காலில் இறக்கி ஓர் உதை. எல்லாம் சரியாக இருந்தால் வண்டி கிளம்பும். முள் சற்றுத் தள்ளி நின்றிருந்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும். அந்தத் தழும்பு கணுக்காலில் இருக்கிறது. கேட்டால் வேட்டியை விலக்கிக் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். முதல் உதையில் கிளம்பினால் அது அவருடைய கைத்திறன். கிளம்பாவிட்டால் குளிர், மழை, பக்கத்து வீட்டுக்காரன் முகம். சமீபகாலமாக எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து, மற்ற காரணங்களுக்கெல்லாம் ஓய்வு கொடுத்திருக்கிறது.

வண்டியின் சரித்திரத்தை அவர் குடும்பச் சரித்திரம்போலச் சொல்வார். இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-இல் புல்லட் என்ற பெயர். 1950-களில் நம் ராணுவம் எல்லையைக் காவல் காக்க 800 வண்டிகள் கேட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது பேனா எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்கிற தொனியில் இதைச் சொல்வார். அவர் பிறந்ததே அந்த வருஷம்தான். கதையின் உச்சகட்டம் 1970. அதற்குள் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு கடையைக் கட்டிவிட்டது. திருவொற்றியூர் மட்டும் நிறுத்தவில்லை. 1977-இல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே கப்பலேற்றியும் விட்டது. "பெத்தவன் கைவிட்டான், வடசென்னை வளர்த்துச்சு" என்று முடிக்கும்போது குரல் கம்மும். கடற்கரைப் பக்கம் போனாலே உப்புக்காற்றில் வண்டி துருப்பிடிக்கும் என்று திருவொற்றியூருக்கு அவர் ஒருமுறையும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சரித்திரத்துக்கு அவரே எழுதிவைத்த கடைசி அத்தியாயம் ஒன்று உண்டு: "நம்ம தலைமுறையோட இந்த வண்டி முடிஞ்சுது தம்பி." சாட்சிக்கு அமெரிக்காவை அழைப்பார். 1903-இல் மில்வாக்கியில் பிறந்த ஹார்லி டேவிட்சன் என்ன ஆயிற்று? இளைஞர்களாக இருந்தபோது வாங்கியவர்கள் அதையே ஓட்டிக்கொண்டு தாத்தா ஆனார்கள். அவர்களுக்குப் பிடிக்கும் என்று வண்டியைக் கம்பெனி மேலும் கனமாகவும் மேலும் விலையாகவும் செய்தது. பேரன்கள் எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். 2019-இல் மின்சார வண்டி விட்டும் பேரன் திரும்பவில்லை. 2020-இல் இந்தியாவில் சொந்தக் கடையைச் சுருட்டி, 2023-இல் ஹீரோவின் தோளில் கைபோட்டு 440 சிசியில் ஒரு வண்டியோடு திரும்பி வந்தது. "அங்க தோல் ஜாக்கெட், இங்க வேட்டி. மத்தபடி அவனும் நானும் ஒண்ணுதான்" என்பார் மாமா. அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. தன்னைப் பற்றிச் சொன்னதுதான் தப்பு.

கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் மாமா யார் என்று பாருங்கள். எண்பத்தி நாலில் ஒரு வண்டி வாங்கினார். அதோடு சரி. அடுத்த வண்டிக்கு அவரிடமிருந்து நாற்பது வருஷமாக ஒரு ரூபாய் போகவில்லை. பாகங்களைப் புதுப்பேட்டையில் பழையதாகத் தேடிப் பிடிப்பார். சர்வீஸுக்குப் பாயிடம் போவார்; போகும்போது கிரீஸையும் கையோடு கொண்டுபோவார், பாய் வைத்திருக்கும் கிரீஸுக்குக் காசு கொடுக்க வேண்டுமே. இவ்வளவு விசுவாசமான ஆயிரம் பேர் கிடைத்தால் எந்தக் கம்பெனியும் ஒரே வருஷத்தில் திவாலாகிவிடும். பக்தர்களை நம்பிக் கோயில் நடத்தலாம். தொழிற்சாலை நடத்த முடியாது.

கிட்டத்தட்ட அதுதான் நடக்கவும் இருந்தது. 1994-இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டைக் கையில் எடுத்தது. 2000 வாக்கில் மாதத்துக்கு ஏறக்குறைய 2,000 வண்டிதான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது முதலாளி வீட்டுப் பிள்ளை சித்தார்த்த லால், இருபத்தாறு வயசுக்காரர், கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினார். அவர் மாமாவைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று கம்பெனி இருந்திருக்காது. மாமா எதையெல்லாம் பெருமையாகச் சொல்லுவாரோ, அதையெல்லாம் பட்டியல் போட்டு ஒழித்ததுபோலத்தான் அடுத்த வருஷங்கள் போயின. எண்ணெய்க் கசிவு போனது. கியர் இடது காலுக்கு மாறியது. பாயின்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கி யூசிஇ எஞ்சின் ஆயின. பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பியது. மாமா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துக்கம் காத்தார். அந்த எஞ்சினுக்கு அவர் வைத்த பெயர் 'அலுமினியச் சொம்பு'.

ஆனால் 2009-இல் வந்த கிளாசிக்கைப் பாருங்கள். உள்ளே புது எஞ்சின். வெளியே மாமாவின் வண்டியைவிடப் பழசாகத் தெரிகிற உருவம். அதே கண்ணீர்த்துளி டேங்க், அதே வட்ட விளக்கு, விளக்குக்கு மேலே அதே இரண்டு டைகர் லேம்ப். கஷ்டத்தைக் கழற்றிவிட்டுக் கம்பீரத்தை மட்டும் விற்றார்கள். திருவொற்றியூர் போதாமல் 2013-இல் ஒரகடம், பிறகு வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் வளர்ந்தன. 2024-25 நிதியாண்டில் விற்றவை பத்து லட்சத்துக்கும் மேல். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஆம்மீட்டர் என்றால் கரண்ட் பில் சமாச்சாரம் என்று நினைக்கிற பிள்ளைகள்.

இதில் மாமாவின் பங்கு இல்லாமல் இல்லை. ஷோரூமில் பணம் கட்டும் பையன் 349 சிசியையும் இருபது குதிரைச் சக்தியையுமா வாங்குகிறான்? சின்ன வயதில் தெருவில் ஒருவர் மீசையோடும் சத்தத்தோடும் போனபோது, விளையாட்டை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றானே, அந்த மரியாதையை மாதத் தவணையில் வாங்குகிறான். மாமா வண்டி வாங்காத வாடிக்கையாளர். சம்பளம் வாங்காத விளம்பரம். அவர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்டுவிடக் கூடாது. கம்பெனியின் எதிர்காலமே இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

முழங்கால் கதைக்கு வருவோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கிக்கர் வேண்டாம்" என்றார். மருமகள் தருணம் பார்த்து, "மாமா, பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்கிக்குங்களேன்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் கல்லூரி முடித்த பேத்தி, "தாத்தா, எனக்கு என்ஃபீல்டு ஹன்ட்டர் எடுக்கப் போறேன், நீங்களும் வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஷோரூம் பையன், "அங்கிளுக்கு இதுதான் ஃபர்ஸ்ட் பைக்கா?" என்று கேட்டான். அங்கிருந்தே எல்லாம் கோணலாகப் போனது. சோதனை ஓட்டத்துக்கு உட்கார்ந்த மாமாவின் வலது கால் கிக்கரைத் தேடியது. காணோம். பட்டனை அழுத்திக் கிளப்பினார். கிளம்பியதில் ஒரு திருப்தியும் இல்லை. இரண்டாம் கியருக்காக வலது காலை அழுத்தினார். அங்கே பிரேக் இருந்தது. மூன்றாம் கியருக்கு அழுத்தினார், மறுபடியும் நின்றது. தெருமுனைவரை ஒவ்வொரு கியருக்கும் ஒருமுறை நின்று நின்று போய்வந்த அவரைப் பார்த்து ஷோரூம் பையன், "அங்கிள் ரொம்ப சேஃப்டியா ஓட்டுறாரு" என்று மெச்சினான்.

சுவரில் மின்சார வண்டியின் படம் மாட்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டில் இறக்கிய குட்டி வண்டிக்கு இருந்த 'ஃபிளையிங் ஃப்ளீ' என்ற பெயரையே இதற்கும் வைத்து, 2024 நவம்பரில் மிலானில் காட்டியிருந்தார்கள். சத்தமே வராது என்றான் பையன். மாமாவுக்குப் புரியவில்லை. "அப்ப நான் வர்றது தெருவுக்கு எப்படித் தெரியும்?"

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முகம் மலர்ந்தது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் போனால் 40. ஹன்ட்டர் 349. "ஒரு சிசியில தப்பிச்சான் பாரு, அதான் மெட்ராஸ் மூளை" என்றார். கம்பெனியை அவர் வாய்விட்டுப் பாராட்டி இருபது வருஷம் இருக்கும்.

பேத்தி வாங்கிய ஹன்ட்டருக்கு முதல் சர்வீஸ் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளட்ச்சைக் கொஞ்சம் சரிபார்க்கலாம் என்று தாத்தாவும் பேத்தியும் ஆளுக்கொரு வண்டியில் பாய் பட்டறைக்குப் போனார்கள். அங்கே முப்பது வயதுப் பையன் ஒருவன் தன் 2014 கிளாசிக்கோடு நின்றிருந்தான். ஹன்ட்டரைச் சுற்றி வந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இதெல்லாம் புல்லட்டுன்னு சொல்லாதீங்க மேடம். என்னுது பழைய யூசிஇ எஞ்சின். அந்த பீட்டே வேற. இது தையல் மெஷின் மாதிரி ஓடுது. உண்மையான வண்டி எங்களோட முடிஞ்சுது."

மாமா திடுக்கிட்டார். அலுமினியச் சொம்புக்காரன் தன்னுடைய வசனத்தைத் தன் கண்ணெதிரே பேசுகிறான். அவருக்கு வந்த கோபத்தில் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்பதே மறந்துபோனது.

"என்ன தம்பி குறை கண்டே இந்த வண்டியில? டிஸ்க் பிரேக் இருக்கு, ஏபிஎஸ் இருக்கு, சொட்டு எண்ணெய் ஒழுகலை, பட்டனைத் தொட்டா கிளம்புது. பொம்பளப்புள்ள ராத்திரி பத்து மணிக்குத் தனியா வந்தாலும் நடுவழியில நிக்காது. வேறென்ன வேணும்?"

பாய் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. பேத்தி செல்போனில் பதிவு செய்யத் தொடங்கினாள். பையன் மாமாவையும் அவர் பின்னாலிருந்த எண்பத்தி நாலையும், அதன் அடியில் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த எண்ணெயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவ்ளோ சொல்றீங்க. அப்ப நீங்க ஏன் அங்கிள் இன்னும் இதையே ஓட்டுறீங்க?"

மாமா ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தபடியே சொன்னார்.

"ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போக வேணாமா?"

மூன்றாவது உதையில் கிளம்பியது. எத்தனால் என்றார்.