சேரம்பாடிக் குலுக்கலியல்: ஒரு சிற்றாராய்ச்சி

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு, வண்டியின் குலுக்கத்தை அளந்து புத்தி சொல்லும் மின்னணுக் கருவி வேண்டுமா வேண்டாமா என்பதே இங்கு நுதலிய பொருள். நுதலிய பொருள் என்று எழுதிவிட்ட பிறகு பாயிரத்தின் மற்ற உறுப்புகளை விட்டுவிட்டால் நன்னூல் எழுதிய பவணந்தியார் கோபித்துக்கொள்வார். எல்லை: ஒருபுறம் நீலகிரியின் பந்தலூர், மறுபுறம் சோலாடி சோதனைச்சாவடி, நடுவில் சேரம்பாடி. வழி: ஆளேற்றும் ஜீப் போகிற வழி. யாப்பு: கொஞ்சம் தளர்ந்தது; நட்டுகளை முடுக்கிக்கொள்ளவும். கேட்போர்: இடுப்பு வலிக்காரர்கள். பயன்: கருவியின் விலை மிச்சம்.

முதலில் முன்னோர் வரலாறு. 1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் சில இளைஞர்கள் கனத்த பழைய சைக்கிள்களில் போட்டி போட்டு இறங்கினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தச் சைக்கிள் வம்சத்துக்கு ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முன் சஸ்பென்ஷன் கிடைத்தது 1989-ல். இடைப்பட்ட 13 ஆண்டுகள் முழங்கையே சஸ்பென்ஷன். சேரம்பாடியில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

காரணம் நிலவியல். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பிறகு டான்டீ என்று பெயர் பெற்றது. சேரம்பாடிப் பக்கமும் அதன் தோட்டங்கள் உண்டு. தோட்டத்துப் பாதைகள் கொழுந்து ஏற்றும் வண்டிக்காக வெட்டியவை. சைக்கிள்காரனை யாரும் கேட்கவில்லை. தென்மேற்குப் பருவமழை வருடா வருடம் மண்ணை எடுத்துக்கொண்டு கல்லை மட்டும் நமக்கு விட்டுவைக்கிறது. ஆகவே குலுக்கம் மூவகைப்படும்: பல் தந்தியடிப்பது, வண்டி தூக்கிப் போடுவது, குலுக்கமின்மை. மூன்றாவதற்கு உதாரணம் கிடைத்திலது.

இனிக் கருவி. ஷாக்விஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் பிறந்து, 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஊராரிடம் பணம் திரட்டி வளர்ந்து, மறு ஆண்டே ஸ்ரம் குழுமத்தின் குவார்க் நிறுவனத்துக்குத் தத்துப் போனது. ராக்‌ஷாக்ஸும் 2002 முதல் அதே ஸ்ரம் வீட்டுப் பிள்ளைதான். சஸ்பென்ஷனை விற்றவரே அது சரியாக இல்லை என்று சொல்லும் கருவியையும் விற்பது வியக்கத்தக்க நேர்மை. சந்தைக்கு வந்தபோது விலை 399 டாலர். இந்த நாட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு முழு சைக்கிள் வரும், மணியோடு.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் காற்று வால்வோடு இதை இணைத்து, நைலான் டையால் கட்டிவிட்டு ஓட்டினால், உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை நொடிக்கு 100 தடவை அளக்கும். அழுத்தம் ஏறினால் இடம் சுருங்கியது, இடம் சுருங்கினால் ஃபோர்க் அமுங்கியது என்று கணக்குப் போடும். 1662-ல் ராபர்ட் பாயில் சொன்ன விதிதான். பேட்டரி மட்டும் புதிது. பிறகு செல்போனில் மதிப்பெண் வரும். காற்றைக் கொஞ்சம் இறக்கு, ரீபவுண்டை ஒரு கிளிக் திற என்று அறிவுரையும் வரும். ஓட்டுகிறவனையும் நான்கு சாதியாகப் பிரித்திருக்கிறார்கள்: சிக்கனக்காரன், நடுநிலையாளன், விளையாட்டுப் பிள்ளை, ஆவேசக்காரன். கேரியரில் கொழுந்துச் சாக்கைக் கட்டிக்கொண்டு போகிறவன் எந்தச் சாதி என்பதற்கு விதி இல்லை. புறனடையால் கொள்க.

அற்றேல், அளந்து சொல்வது நல்லதுதானே எனின், நல்லதே. குறிப்பாக ரீபவுண்ட் விஷயத்தில். அமுங்கிய ஃபோர்க் மீண்டும் எழுகிற வேகம் அது. அது மந்தமாக இருந்தால், அடுத்தடுத்து வரும் கற்களுக்கு நடுவே எழ நேரமில்லாமல் ஃபோர்க் அமுங்கி அமுங்கி விறைத்துவிடும். ஓட்டுகிறவனோ ஸ்பிரிங் கெட்டி என்று நினைத்துக் காற்றை இறக்குவான். ஃபோர்க் இன்னும் தாழ்ந்து, விறைப்பு இன்னும் கூடும். புதிதாக ஓட்டுகிறவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. கருவி இதைப் பிடித்துவிடுகிறது. ஆனால் அதற்குத் தெரிந்தது காற்றழுத்தம் ஒன்றுதான். டயர் வழுக்கியதா, ஓட்டுகிறவன் பயந்து முழங்கையை விறைத்துக்கொண்டானா என்பதெல்லாம் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

கருவி வேண்டாம் என்னும் எதிர்க்கட்சியின் தலைமையாசிரியர் ஜீப் டிரைவர். "பின்னாடி ஒரு ஆள் எறங்கி முன்னாடி வாங்கண்ணே, பட்டை தட்டுது" என்பார். ஆள் மாறியதும் ஸ்பிரிங் பட்டையின் தட்டல் நின்றுவிடும். கல்லூரி மாணவர் ஒருவர் செல்போனை நீட்டி, "அண்ணே, ரோடு எவ்வளவு குலுக்குதுன்னு இதுல தெரியும்" என்றதற்கு அவர் சொன்ன விடை: "அதுக்குத்தான் தம்பி உன்னைய பின்னாடி உக்கார வெச்சிருக்கேன்."

இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணிவது நன்னூல் கூறும் எழுவகை மதத்துள் ஒன்று. துணியும் முன் கள ஆய்வு வேண்டும் என்பதால், கடைவீதியில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களின் ஃபோர்க்கைக் குனிந்து பார்த்தோம். கால் தடிமன், ஸ்டிக்கர் ஆவேசம், உள்ளே இரும்புச் சுருள் ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்குக்குக் காற்று வால்வே கிடையாது. ஷாக்விஸ் காற்று ஸ்பிரிங்கில் மட்டும்தான் வேலை செய்யும். ஆக, ஆய்வுப் பொருளே இல்லாமல் ஆய்வு நடந்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு இது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

காற்று ஃபோர்க் வைத்திருக்கும் வசதிக்காரர்களுக்கு மாற்று வழி உண்டு. பளபளக்கும் ஃபோர்க் காலில் ஒரு நைலான் டையை லேசாகக் கட்டி, கீழே ரப்பர் சீலோடு ஒட்டித் தள்ளுங்கள். வழக்கமாகப் போடும் பையோடு வண்டியில் ஏறி, குதிக்காமல், ஓட்டும்போது நிற்பதுபோல் நின்று, மெல்ல இறங்குங்கள். டை எத்தனை மில்லிமீட்டர் மேலே போயிருக்கிறதென்று ஸ்கேலால் பாருங்கள். மொத்தம் 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்கில் 25 முதல் 30 வந்தால் காற்று சரி. பிறகு ஒரே இறக்கத்தில் திரும்பத் திரும்ப இறங்கி, ஒவ்வொரு தடவையும் ரீபவுண்டை ஒரு கிளிக் மட்டும் மாற்றுங்கள். இரண்டு திருகாணிகளை ஒரே நேரத்தில் தொடுகிறவனுக்கு மோட்சம் இல்லை. கருவி செய்வதும் இதைத்தான். அது அலுத்துக்கொள்ளாது, அவ்வளவே.

2021-ல் ராக்‌ஷாக்ஸ் கொண்டுவந்த ஃபிளைட் அட்டெண்டன்ட், மோட்டார் வைத்துத் தானே இறுக்கிக்கொண்டு தானே தளர்ந்துகொள்ளும். அதன் விலையைக் கேட்டால் நமக்குத்தான் சஸ்பென்ஷன் தேவைப்படும்.

எனவே துணிபு: தனி ஆள் வாங்குவது வீண். ஒருமுறை சரிசெய்த பிறகு கருவி மேசை டிராயரில்தான் கிடக்கும். பத்துப் பேர் சேர்ந்த சைக்கிள் கிளப் ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டாலும், கடைக்காரர் வாடகைக்குக் கொடுத்தாலும் காசுக்குக் கேடில்லை. சேரம்பாடிக்காரர்கள் இப்போதைக்கு நைலான் டையும் ஒரு ஸ்கேலும் வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தில் தேய்ந்துபோன பிரேக் ரப்பரை மாற்றுங்கள். ஜூன் மழை பிடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.