‘நான் ஒண்ணுமே பண்ணலை’: பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு விழும் கணினி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கமும் எல்லையும்

கணினி கெடுவது குறித்து எழுதப்பட்டவை ஏராளம். அது எந்த நேரம் பார்த்துக் கெடுகிறது என்பது குறித்து நம் கல்விப்புலம் போதிய அக்கறை காட்டவில்லை. ஸ்விட்சைப் போட்டும் உயிர் வராத கணினியை எவரும் மன்னித்துவிடுவர். கரண்ட் இல்லை, வயர் கழன்றிருக்கிறது, எலி கடித்திருக்கிறது என்று ஏதாவது சமாதானம் கிடைக்கும். ஒழுங்காக எழுந்து, நம் பெயரைச் சொல்லி வரவேற்று, பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன்பின் பொத்தென்று விழும் கணினியே ஆய்வுக்குரியது. இதில் நம்பிக்கைத் துரோகம் என்னும் கூறு கலந்திருப்பதால், பொருள் தொழில்நுட்பத்தைத் தாண்டி அறவியலையும் தொடுகிறது.

இவ்வாய்வு விண்டோஸ் கணினிகளோடு நின்றுகொள்கிறது. லினக்ஸ்காரர்கள் தம் கணினி விழுந்ததை ஒப்புக்கொள்வதில்லை. ஆப்பிள் வைத்திருப்போர் அதன் விலையைச் சொன்னதோடு பேச்சை முடித்துக்கொள்கின்றனர். எனவே இவ்விரு பிரிவிலும் தரவு திரட்ட இயலவில்லை.

கருதுகோள்: விழுந்த கணினியைச் சுற்றி நிற்போருள் உண்மை பேசும் ஒரே தரப்பு அக்கணினியே.

2. முன்னோர் வரலாறு

1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, வெளிவரவிருந்த விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினர். கணினி விழுந்ததை அறிவிக்கும் நீலத்திரை வந்தது. இதனால்தான் இதை இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேட்ஸ் சமாளித்தார். படைத்தவனுக்கே சலுகை இல்லை என்பது இதனால் பெறப்படும்.

அந்நீலத்திரையில் 2012-இல் வெளியான விண்டோஸ் 8 ஒரு சோகமுகத்தைச் சேர்த்தது. 2016 வாக்கில் க்யூஆர் கோடு வந்தது. 2025-இல் விண்டோஸ் 11 நீலத்தையே கைவிட்டுக் கறுப்புக்கு மாறியது. துக்கத்துக்குரிய நிறத்துக்கு வந்துசேர மைக்ரோசாஃப்டுக்கு இத்தனை காலம் பிடித்தது.

2024 ஜூலை 19 இத்துறையின் பெருநிகழ்வு. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. இவை பாஸ்வேர்டு கேட்கும் வாசல் வரைகூட வரவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தனர். அசூர் மேகக்கணினி வைத்திருந்தோருக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த அறிவுரை: ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சிலருக்கு 15 முறை வரை தேவைப்பட்டிருக்கிறது.

3. சம்பிரதாயங்கள்

வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டி நியாயமும் தென்கலையார் பூனைக்குட்டி நியாயமும் சொல்வர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விச் செல்லும். கணினி விழுந்தவுடன் யூடியூபைத் திறந்து தானே கழற்றத் தொடங்குவோர் முதல் வகை. ‘தம்பி சாயங்காலம் வர்றேன்னிருக்கான்’ என்று டீ குடிக்கப் போவோர் இரண்டாம் வகை. பழுது பார்க்கும் வேலை செய்வோரிடையே மூன்று உட்பிரிவுகள் காணப்படுகின்றன.

*ரீஸ்டார்ட் பிரிவினர்.* மூத்த பிரிவு, ஆதாரமும் வலுவானது. விண்டோஸ் 95-உம் 98-உம் மில்லிசெகண்டுகளை 32 பிட் எண்ணில் எண்ணின. அது நிரம்ப 49.7 நாள் ஆகும். நிரம்பினால் கணினி உறைந்துபோகலாம். ஒரு மண்டலம் 48 நாள் என்று வகுத்த நம் முன்னோர் கணக்குப்படி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திருந்தால் தொல்லையே இல்லை. இப்பிழை சில ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. அதற்கு முன் அத்தனை நாள் விழாமல் ஓடிய கணினி அரிது என்பதே காரணம் என்பர்.

*ரப்பர் பிரிவினர்.* கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ‘ப்பூ’ என ஊதி, இருபுறக் கொக்கியை விலக்கி ரேமை உருவுவர். அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுவர். பார்க்கப் பூசை போல் இருந்தாலும் இதில் பொருள் உண்டு: இணைப்பில் படிந்த அழுக்கால் ரேம் தடுமாறுவது மெய்யே.

*ஃபார்மட் பிரிவினர்.* நோய் எதுவாயினும் மருந்து ஒன்றே என்போர். இவர்கள் நடத்தும் விசாரணை வருமாறு:

“சி டிரைவ்ல ஏதாச்சும் இருக்காண்ணா?”

“ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் டெஸ்க்டாப்லதான் வச்சிருக்கேன்.”

டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்தான் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஃபார்மட் முடிந்தபின்பே தெரியவருகிறது.

4. களப்பணி

ஒரு ஜெராக்ஸ் கடையில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்:

“கடைசியா என்னண்ணா பண்ணீங்க?”

“நான் ஒண்ணுமே பண்ணலை தம்பி. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு.”

“புதுசா ஏதாச்சும் ஏத்துனீங்களா?”

“இல்லையே. பிரிண்டருக்கு ஏதோ கேட்டுச்சு, ஓகே குடுத்தேன்.”

“வேற?”

“பையன் ஒரு கேம் போட்டான். அதான் அப்பவே அழிச்சுட்டானே.”

“வேற?”

“அப்டேட் ஆயிட்டிருக்கும்போது கரண்ட் போச்சு. அது தெருவுக்கே போச்சுல்ல?”

ஒன்றுமே செய்யாத ஒருவர் ஒரே நாளில் ஒரு டிரைவரை ஏற்றி, மகனை ஒரு விளையாட்டைப் போட்டு அழிக்கவிட்டு, அப்டேட்டின் நடுவில் மின்சாரம் இழந்திருக்கிறார். இம்மூன்றுமே கணினியை விழவைக்கும். தெருவுக்கே கரண்ட் போனது என்பது சட்டப்படி நல்ல வாதம். ஹார்டு டிஸ்க் அதை ஏற்பதில்லை.

5. நிறுவல்

பாஸ்வேர்டுக்குப் பின் விழுவதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் எழுவது இயங்குதளம். அதற்குப் பின் எழுவது நம் குடும்பம். நம் அமைப்புகள் அடங்கிய என்டியூசர் கோப்பு, டெஸ்க்டாப், தானாகத் தொடங்கும் மென்பொருள்கள் எல்லாம் அப்போதுதான் வரிசையாய் வந்து இறங்குகின்றன. கிராஃபிக்ஸ் டிரைவரின் வேலையும் அப்போதுதான் கூடுகிறது. எனவே விசாரணை எளிது.

உள்நுழைவுத் திரையில் ஷிஃப்டைப் பிடித்தபடி பவர் சின்னத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தால் சேஃப் மோடுக்கு வழி கிடைக்கும். அவசியமானவை மட்டும் ஏறும் அதில் கணினி விழாமல் நின்றால், குற்றம் பெரும்பாலும் டிரைவர் மீதோ தானாகத் தொடங்கும் மென்பொருள் மீதோதான். கடைசியாக வந்ததை முதலில் நீக்க வேண்டும். வேறொரு பயனர் கணக்கில் நுழைந்தால் சரியாக ஓடுகிறதா? அப்படியானால் கெட்டது நம் கணக்கு. கோப்புகளைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், ஃபார்மட் தேவையில்லை. சேஃப் மோடிலும் விழுகிறதா? அப்போதுதான் ரேம், ஹார்டு டிஸ்க், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் திரும்ப வேண்டும். ரப்பருக்கு உரிய இடம் அதுவே.

இனி கருதுகோள். விழும்போது கணினி தன் காரணத்தை ஒரு குறியீடாகத் திரையில் காட்டுகிறது. பெரும்பாலும் மினிடம்ப் என்னும் கோப்புறையில் எழுதியும் வைக்கிறது. ஈவன்ட் வியூவர் என்னும் பதிவேட்டிலும் நேரத்தோடு பதிகிறது. ஆனால் விழுந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகும்படியே விண்டோஸ் அமைக்கப்பட்டு வருவதால், அக்குறியீடு கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடுகிறது. ஓடாமல் நின்றாலும் நாம் படிப்பதில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறோம். ஆக, கருதுகோள் மெய்யென நிறுவப்படுகிறது.

6. மேலாய்வுக்குரிய களங்கள்

ஆயுத பூஜையன்று மானிட்டருக்கு மட்டும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, உண்மையில் புகையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாரும் கண்டுகொள்ளாதது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

7. முடிவுரை

கணினி விழுந்தால் முதலில் போனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். திரை நிற்காமல் ஓடினால், ஷிஃப்ட் வழியே போய்த் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். பிட்லாக்கர் என்னும் பூட்டுப் போட்ட கணினி என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை, அந்தக் கணினிக்குள் அல்லாமல் வேறெங்காவது வைத்திருங்கள். டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாண போட்டோக்களை இன்றே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். சர்வீஸ் தம்பி வந்து கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பிரிண்டரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் திட்ட மாட்டார். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவார்.