சங்கத் தலைவருக்கும் வீடு உண்டு

கே: எங்கள் டாக்டர்கள் சங்கத்தில் விதிகளைத் திருத்தும் சண்டை உச்சத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் தலைவரின் மனைவி இறந்து பத்து நாள் ஆகிறது. அவர் ராஜினாமா செய்துவிடுவதுதானே முறை? (ஒரு டாக்டர், நாமக்கல்)

ப: நீங்கள் அவருடைய நலம் விரும்பியா, அவருடைய நாற்காலியை விரும்பியா? முதல் வகை என்றால், ராஜினாமா தேவையில்லை. இரண்டாம் வகை என்றால், பதினாறாவது முடியட்டும் சார். துணைத் தலைவர் என்று ஒருவரை வைத்திருப்பது மேடையில் இரண்டாவது சால்வை வாங்குவதற்கு மட்டும் அல்ல. மூன்று மாதம் அவர் நடத்தட்டும்.

கே: சொந்த இழப்போடு சங்கத்தையும் நடத்திய பெரிய டாக்டர் யாராவது உண்டா? (திருநெல்வேலி வாசகி)

ப: வில்லியம் ஆஸ்லர். கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புகழ்பெற்று, 1905-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர். முதல் குழந்தை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. பிறகு பிறந்த ரெவரே ஒரே மகன். 1917 ஆகஸ்ட் 30 அன்று பெல்ஜியப் போர்முனையில், ஈப்ர் அருகே, 21 வயதில் குண்டுக் காயத்தால் இறந்தான். காப்பாற்றப் போராடிய டாக்டர்கள் கூட்டத்தில் நரம்பியல் அறுவை மருத்துவத்தின் முன்னோடி ஹார்வி குஷிங்கும் இருந்தார். அவர் ஆஸ்லரின் நெருங்கிய நண்பர். உலகத்தில் அதைவிடப் பெரிய கை அன்று கிடையாது. பையன் பிழைக்கவில்லை.

அதன் பிறகு ஆஸ்லர் என்ன செய்தார்? விருந்தாளிகளிடம் வழக்கம்போல் வேடிக்கையாகப் பேசினார், இரவில் அழுதார். போர் ஓய்ந்ததும், வெளிநாட்டு ராணுவ டாக்டர்கள் ஊர் திரும்பும் முன் லண்டனில் மேற்படிப்புப் பயிற்சி பெற வழிசெய்ய ஓர் அமைப்பு பிறந்தது. அதற்கு அவர்தான் தலைவர். 1919-ல் கிரேக்க, லத்தீன் அறிஞர்களின் சங்கத்துக்கும் தலைமை ஏற்றுப் பேசினார். அந்த டிசம்பர் 29 அன்று நிமோனியாவுக்குப் பின் காலமானார்.

'வேலையில் மூழ்கினால் துக்கம் தீரும்' என்று உபதேசம் செய்பவர்கள் ஆஸ்லரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். அவரிடம் வேலையும் நடந்தது, துக்கமும் நடந்தது. ஒன்று மற்றொன்றைத் தீர்க்கவில்லை.

கே: நாற்காலியை விடவே விடாத தலைவர் உண்டா? (கரூர்)

ப: உங்கள் ஊரில் தேடியும் கிடைக்கவில்லையா? சரி, லண்டன் மருத்துவச் சங்கம். 1773-ல் தொடங்கியது. ஜேம்ஸ் சிம்ஸ் என்பவர் 20 வருடத்துக்கும் மேல் தலைவர். பொறுத்துப் பார்த்த உறுப்பினர்கள் 1805-ல் வெளியேறித் தனிச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் ஆனது. ஆக, சிம்ஸும் மருத்துவத்துக்கு ஒரு பெரிய அமைப்பைத் தந்திருக்கிறார், எழுந்திருக்காமல்!

கே: நாலைந்து சங்கங்களை ஒன்றாக்க முயல்கிறோம். எல்லாருக்கும் சம்மதம், தலைவர்களுக்கு மட்டும் இல்லை. என்ன வழி? (கோவை)

ப: இதே வியாதிக்கு 1907-ல் லண்டனில் மருந்து கண்டுபிடித்தார்கள். ஏகப்பட்ட துறைச் சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு கணக்கு. இணைப்புக்கு ஓடியாடியவர் டாக்டரே அல்ல. நூலகராகவும் செயலாளராகவும் இருந்த மக்அலிஸ்டர். பழைய சங்கங்கள் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் என்ற புதிய சங்கத்தில் 'பிரிவு' ஆயின. ஒவ்வொரு பிரிவுக்கும் தலைவர் பதவி அப்படியே இருந்தது. கௌரவம் தனித்தனி, கட்டடமும் கணக்கும் ஒன்று. ஆஸ்லரும் இந்த இணைப்பை ஆதரித்தவர். 1912-ல் மருத்துவ வரலாற்றுக்கு ஒரு பிரிவு தொடங்கி அதன் முதல் தலைவரும் ஆனார்.

உங்கள் சங்கத்தில் மினிட்ஸ் எழுதுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். மாற்றத்தைக் கொண்டுவரப்போவது பெரும்பாலும் அவர்தான்.

கே: எங்கள் துறைச் சங்கத்தின் செயற்குழுவில் நான் ஒருத்திதான் பெண். வேறு யாரையும் சேர்க்கவும் மாட்டேன் என்கிறார்கள். கோபத்தில் விலகிவிடலாமா? (டாக்டர் வாசகி, மதுரை)

ப: கோபப்படுங்கள் அம்மா, விலகாதீர்கள். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1873-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினரானார். பதறிப்போன ஆண்கள் 1878-ல் இனிப் பெண்களே வேண்டாம் என்று விதி செய்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவரை வெளியே அனுப்ப முடியவில்லை. 1892-ல் விதி விலகும் வரை 19 வருடம் அவர் ஒருவரே பெண் உறுப்பினர். சந்தாவை நிறுத்தியிருந்தால் எதிராளிகளுக்குத் தீபாவளி.

இடையில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1875-ல், ஒரு வயது தாண்டிய மகள் மார்கரெட் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். தாய் டாக்டர், ஆனாலும் அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவமனை மூடப்படவில்லை. 1883 முதல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு டீன். 1896-97-ல் அதே பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கிழக்கு ஆங்கிலியா கிளைக்குத் தலைவர்!

இன்னொரு சங்கதி. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கதவைச் சாத்துவதற்கு மூன்று வருடம் முன்பே, 1875-ல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லிப் பிறகு லண்டன் போய் அந்தப் பெண்கள் கல்லூரியில் பட்டத்துக்குப் படித்தார்; திரும்பி வந்து திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி உருவாகக் காரணமானார். நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

கே: தலைவர் தன் சொந்தச் சோகத்தைச் சங்க மேடையில் பேசலாமா? (தஞ்சாவூர்)

ப: அனுதாப ஓட்டுக்கு என்றால் கூடாது. வேலைக்கு என்றால் தாராளமாக. முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தனிப் புற்றுநோய் மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களிடம் பல வருடம் வாதாடி, இந்திய மாதர் சங்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1954-ல் அடையாறில் மருத்துவமனையைத் திறந்தார். தங்கையை அவர் மறைக்கவும் இல்லை, மேடைதோறும் அழவும் இல்லை.

கே: டாக்டர்களுக்கே ஆறுதல் சொல்லத் தெரியாதா? (ஈரோடு)

ப: தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்றுதான் சொல்லிப் பழக்கம்.

கே: தலைவர் துக்கத்தில் இருக்கும்போது உறுப்பினர்கள் உருப்படியாக என்ன செய்யலாம்? (வேலூர்)

ப: மாலை, பேனர், முழுப்பக்க இரங்கல் விளம்பரம் வேண்டாம். அவருடைய கிளினிக்கை ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். காசோலையில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தை முதல் வாரமே போடுங்கள். விதித் திருத்த ஓட்டெடுப்பை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். ஒரேயடியாகக் கைவிட வேண்டாம், அவரும் அதை விரும்ப மாட்டார். வீட்டுக்குப் போனால் சங்கத்தைப் பற்றி அவராகக் கேட்கும் வரை பேசாதீர்கள். கேட்டால், எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.